ஒரே வண்டியில் மலைக்கும் பந்தயத் தளத்துக்கும் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆடலூர், பன்றிமலை, பெரும்பாறை, தடியன்குடிசை, கே.சி.பட்டி முதலிய கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் சொந்த வண்டி வைத்து ஓட்டும் தம்பிமார்களுக்கும், அண்மைக் காலத்தில் சாரத்தியத்தில் அவர்களுக்குச் சளைக்காத தங்கையருக்கும் இதை எழுதுகிறேன்.

காப்பித் தோட்டத்துக்கும் தருமத்துப்பட்டிக்கும் ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கும் எந்த வண்டியில் போய் வருகிறீர்களோ, அதே வண்டியை விடுமுறை நாள்களில் பழனி, உடுமலை மார்க்கமாகக் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்க உங்களில் சிலர் தலைப்பட்டிருக்கிறீர்கள் என்பதை அறிந்து நான் மெய்யாகவே மகிழ்ச்சி அடைகிறேன். வேகத்தின்மீது வாலிபத்துக்கு இயல்பாக உள்ள ஆசையை, எதிரே ஆள் ஏற்றிய ஜீப்பும் பள்ளிப் பிள்ளைகளும் சில வேளைகளில் யானையும் வரக்கூடிய மலைச்சாலையில் தீர்த்துக்கொள்ளாமல், அதற்கென்றே அமைத்த தளத்தில் தீர்த்துக்கொள்வது விவேகமான காரியம். அப்படிப் போய் வந்தவர்கள் எல்லாரும், சொல்லி வைத்தாற்போல, ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: சக்கரம் வீணே வழுக்கிச் சுழல்வதற்கு வரம்பு கட்டும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கி மாட்டலாமா, மாட்டுவதானால் எந்த ஜாதியை மாட்டுவது என்பதே அக்கேள்வி. தனித்தனியே பதில் சொல்வதைவிட அனைவருக்கும் பொதுவாக எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது. ஏனெனில் இது ஒரு பருவத்துக் காப்பி விற்ற பணத்தில் கணிசமான பங்கை விழுங்கக்கூடிய செலவு. மாட்டிய பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எளிதில் கழற்றி எறியவும் முடியாது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்கும் தளத்துக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவன், தளத்தில் அரை விநாடி குறைவதை எண்ணாமல், ஐப்பசி மாதத்து இரவில், மழையில், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஆடலூருக்குத் திரும்பி ஏறும் வழியை எண்ணியே டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. அதற்குரிய நியாயத்தை இனி விவரமாகச் சொல்லுகிறேன்.

நம் பாட்டன்மார் ஓட்டிய மாட்டுவண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழலக்கூடியவை. ஆகையால் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் உருண்டுகொண்டு தொல்லையின்றித் திரும்பின. யந்திரம் சக்கரங்களைச் சுழற்றும் காலம் வந்தபோதுதான் சங்கடம் பிறந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே எஞ்சின் சக்தியைக் கொடுக்க வேண்டும். ஆயினும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்குரிய, டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்புக்குப் பிரான்சு தேசத்து ஒனெஸிஃபோர் பெக்கர் என்பவர் 1828இல் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றார். இன்று நம் மெக்கானிக்குகள் ஹவுசிங்கைத் திறந்து ஸ்டார் பினியன் என்றும் சன் கியர் என்றும் பெயர் சொல்லி எடுத்து வைக்கும் பற்சக்கரங்கள் யாவும் அந்தக் கருத்தின் வழித்தோன்றல்களே.

பன்றிமலை ஏறும் வழியிலுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கார் ஒன்று அந்த வளைவில் முழுவதும் எதிர்த்திசைக்குத் திரும்பி முடிவதற்குள், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு அகலமானதா குறுகியதா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறுவதே இல்லை என்பது க்ஷேத்திர கணிதத்தின் ஒரு விசித்திரம். சிறிய கார் ஒன்றின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும் என்று கொண்டால், ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுழல்கிறது. இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடாமல் இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால், ஏதாவது ஒரு டயர் தார்மீது தேய்ந்து வழுக்கித்தான் தீர வேண்டும்.

வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் இந்தச் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் எப்போதும் ஏறக்குறைய சமமான முறுக்கு விசையையே பகிர்ந்தளிக்கிறது. சமம் என்றால் நியாயம்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் நின்று சிறிதளவு விசையை மட்டுமே தாங்க வல்லதாயின், மறு சக்கரம் கெட்டித் தரையில் நின்றாலும் அதற்கும் அந்தச் சிறிதளவே கிடைக்கிறது. வலுவற்ற கால் தாங்குகிற அளவுதான் வலுவுள்ள காலுக்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழை ஓயாத நாள்களும் நம் மலையில் ஒன்றையொன்று தொட்டே வருவதால், தோட்டத்துச் செம்மண் பாதையில் மூட்டையோடு நிற்கும் ஜீப் ஒன்றின் ஒரு பின்சக்கரம் மட்டும் வீணே சுழன்று குழி தோண்டுவதையும், மறு சக்கரம் அசையாமல் சும்மா நிற்பதையும் உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. மழை ஈரத்தில் கொண்டை ஊசியில் ஏறும், முன்சக்கரங்களால் ஓடும் வண்டியின் உட்சக்கரம் கீச்சிட்டுச் சுழல்வதும் இதே குறையின் இன்னொரு தோற்றம். வளைவில் வண்டியின் பாரம் வெளிப்புறத்துக்குச் சாய்கிறது. ஏற்றத்தில் பின்புறத்துக்கும் சாய்கிறது. ஆகவே உட்புறத்து முன்சக்கரம் இருமடங்கு இளைத்துப்போகிறது.

பந்தயக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் மிக முன்பே தெரிந்துவிட்டது. 1930களில் ஃபெர்டினாண்டு போர்ஷே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கம்பெனிக்காக வகுத்த 16 சிலிண்டர் பந்தய வண்டி, மிகுந்த வேகத்திலும் வளைவின் உட்பக்கச் சக்கரத்தைச் சுழற்றி வீணாக்கியது. அதைக் கட்டுப்படுத்தவே இசட்.எஃப். என்ற பற்சக்கரத் தொழிற்சாலையாரின் உதவியுடன் வழுக்கலுக்கு வரம்பு கட்டும் டிஃபரன்ஷியல் அவ்வண்டியில் இடம் பெற்றது. 1956இல் அமெரிக்காவின் பாக்கார்டு வண்டியில் அது பொதுமக்களுக்கும் விலைக்குக் கிடைத்தது. நம் தேசத்திலோ, அம்பாஸிடரும் ஃபியட்டும் ஆண்ட காலம் முழுவதும் சாதாரண டிஃபரன்ஷியலே போதும் என்று இருந்துவிட்டோம். அந்த எஞ்சின்களின் சக்திக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இனி ஜாதிகளைப் பற்றி. முதலில் லாக்கர் எனப்படும் பூட்டு வகை. நம் மலையில் பலர் வைத்திருக்கும் மகிந்திரா தார் வண்டியின் பின் ஆக்சிலில் 2015 முதல் வந்துகொண்டிருக்கும் யந்திரப் பூட்டு இந்த இனத்தைச் சேர்ந்தது. இரு பின்சக்கரங்களின் சுழற்சியில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் ஏற்பட்டதும், உள்ளேயிருக்கும் சிறு எடைகள் சுழற்சி வேகத்தால் விரிந்து ஒரு கொக்கியில் மாட்ட, கிளட்ச் பிளேட்டுகள் நெருக்குண்டு இரு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. வண்டி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அது பூட்டிக்கொள்ளாதபடி தடையும் அதிலேயே இருக்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் டிரைவரே தம் கையால் பூட்டும் வசதி உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கும் தோட்டப் பாதைக்கு இவற்றுக்கு நிகர் வேறில்லை. அந்த வேலைக்கென்றே பிறந்தவை இவை. பந்தயத் தளத்திலோ இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த வேகத்தில் மகிந்திராவின் பூட்டு விழவே விழாது. கூர்க்காவின் கைப்பூட்டை மறந்துபோய்ப் போட்டபடியே தார்ச்சாலை வளைவில் திரும்ப முயல்வதோ அபாயத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். ஆகவே தார், கூர்க்கா, பழைய கமாண்டர் முதலிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் அவற்றைத் தளத்துக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அவற்றின் உயரமும் பாரமும் வேறு தொழிலுக்கானவை. இந்தக் கடிதத்தின் பிற்பகுதி அவர்களுக்குச் சம்பந்தமற்றது, ஒரே ஒரு எச்சரிக்கை நீங்கலாக. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

கெட்டியான எண்ணெயின் பிசுபிசுப்பை நம்பி வேலை செய்யும் விஸ்கஸ் வகை ஒன்று உண்டு. சக்கரம் சுழன்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அதன் குணம் மாறும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பலம் குன்றும். பழைய வண்டிகளில் இருப்பது இருக்கட்டும். புதிதாக வாங்க வேண்டாம்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக்கைக் கொண்டே இந்தக் காரியத்தைச் செய்யும் ஏற்பாடு வந்துவிட்டது. 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் அது இருக்கிறது. சுழலும் சக்கரத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து அதை மட்டும் பிரேக்கால் இறுக்குகிறது; இறுக்கிய அளவுக்கு எதிர்ச்சக்கரத்துக்கு விசை போகிறது. சாலைக்கு இது மிகவும் உகந்தது. உங்கள் வண்டியில் இது இருக்குமாயின், டிஃபரன்ஷியலுக்கு ஒரு காசும் செலவழிக்காமல் இருந்துவிடுவதே பலருக்கு உத்தமம் என்பேன். தளத்தில் தொடர்ந்து சுற்றும்போதுதான் இதன் பலவீனம் வெளிப்படும். வேகத்தைக் குறைப்பதற்காக ஏற்கனவே காய்ந்து கிடக்கும் பிரேக்குக்கு, வேகத்தைக் கூட்டும் வேளையிலும் ஓய்வு கிடைக்காமல் போகிறது.

மீதியுள்ளவை இரண்டு, உங்கள் கேள்வியெல்லாம் உண்மையில் இந்த இரண்டைப் பற்றியதே.

ஒன்று, கிளட்ச் பிளேட் வகை. இதில் ஸ்டார் பினியன்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு, சாய்வாக வெட்டப்பட்ட இரு அழுத்த வளையங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது. எஞ்சின் விசை வந்தவுடன் தண்டு அந்தச் சாய்வில் ஏறி வளையங்களை இருபுறமும் தள்ள, அவை பிளேட்டுகளை நெருக்க, இரு சக்கரங்களும் ஓரளவு பிணைக்கப்படுகின்றன. ஆக்ஸிலரேட்டரை அமிழ்த்தும்போது ஒரு பக்கத்துச் சாய்வும், காலை எடுத்து எஞ்சினே வண்டியைத் தடுக்கும்போது எதிர்ப்பக்கத்துச் சாய்வும் வேலை செய்கின்றன. எதிர்ப்பக்கம் சாய்வே இல்லாமல் நேராக வெட்டியிருந்தால் அது ஒன்-வே. இரு பக்கமும் ஒரே சாய்வானால் டூ-வே. எதிர்ப்பக்கம் வேறு சாய்வில் வெட்டப்பட்டுக் குறைந்த பலத்தோடு பிணைக்குமானால் ஒன்றரை-வே. இதற்கும் மேலாக, ஸ்பிரிங்குகளைக் கொண்டு எந்த நேரமும் சிறிது நெருக்கிவைக்கும் முன்னிறுக்கம் ஒன்றும் உண்டு. கோணத்தை மாற்றலாம், பிளேட்டுகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் மாற்றலாம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு சாரதியின் சுபாவத்துக்கும் தக்கபடி சீர் செய்யலாம். பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவன் இதைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு சக்கரம் முழுவதும் தரையைவிட்டு எழும்பினாலும், முன்னிறுக்கம் உள்ளவரை எதிர்ச்சக்கரத்துக்கு விசை போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஆயினும் பிளேட் என்று ஒன்று உள்ளமட்டும் தேய்வு என்று ஒன்று உண்டு. அதற்கென்று தனி மருந்து கலந்த கியர் ஆயில் வேண்டும். அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். மறந்தால் பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். சந்தைக் கடையின் முன்னே வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது அடியிலிருந்து கடகடவென்று சப்தம் எழும்; தெரியாதவர்கள் ஆக்சில் முறிந்துவிட்டது என்றே எண்ணுவார்கள். சில பருவங்கள் சென்றபின் கழற்றி, பிளேட்டுகளை அளந்து, ஷிம் வைத்து மறுபடியும் பூட்ட வேண்டும். அந்த வேலையைப் பழுதறச் செய்யத் தெரிந்த கைகள் திண்டுக்கல்லில் எத்தனை உண்டு என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சாய்பல் கியர்களால் ஆன ஹெலிகல் வகை. அமெரிக்கராகிய வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்று, பிற்காலத்தில் டார்சன் என்ற பெயரால் உலகறிந்த அமைப்பு இவ்வினத்துக்கு மூத்தது. இங்கிலாந்தின் க்வைஃப் கம்பெனியார் செய்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் பிளேட் இல்லை. ஸ்பிரிங்கின் வல்லந்தம் இல்லை. விசை ஏறும்போது சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி உறையோடு உராய்வதே பிணைப்பாகிறது. விசை இறங்கினால் பிணைப்பும் தளர்கிறது. உராய்வின் கணக்கு இரண்டரைக்கு ஒன்று என்றிருந்தால், இளைத்த சக்கரம் 100 பங்கு விசையைத் தாங்கும்போது பலமுள்ள சக்கரத்துக்கு 250 பங்கு வரை போகும். சாதாரண டிஃபரன்ஷியலில் இரண்டும் சேர்ந்து 200, இங்கே 350. மலை ஏற்றத்தில் இந்த வித்தியாசம் எப்படிப்பட்டது என்பதை உங்கள் உடம்பே உணரும். இதற்குத் தனி ஆயில் மருந்து வேண்டியதில்லை, சப்தம் இல்லை, சரியாகப் பூட்டினால் வண்டியின் ஆயுள் உள்ளளவும் உழைக்கும்.

இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெருக்கல் கணக்கில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யமே. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டரை மடங்கு என்பதற்கு அர்த்தமே இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் எவ்வளவு நிர்க்கதியாக நிற்குமோ ஏறக்குறைய அவ்வளவே இதுவும் நிற்கும். அப்போது இடக் காலால் பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், அந்தப் பிரேக்கின் தடையையே ஒரு பாரமாகக் கொண்டு அது எதிர்ச்சக்கரத்துக்கு விசையைப் பெருக்கி அனுப்பும். தளத்தின் ஓரக் கட்டையில் உட்சக்கரத்தை ஏற்றித் தூக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒரு குறையே. தார்ச்சாலையில் போகிறவர்களுக்கோ ஒரு நாளும் குறையாகத் தோன்றாது.

இந்த இடத்தில்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. வழுக்கலைத் தடுக்கும் சாதனம் என்று பெயர் இருப்பதால், அதை மாட்டிவிட்டால் ஈரச் சாலையில் வண்டி வழுக்கவே வழுக்காது என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். பின்சக்கரங்களால் ஓடும் வண்டியில் உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கக்கூடும். மழையில் ஒரு கொண்டை ஊசியில் நீங்கள் சற்று அதிகமாக மிதித்துவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் உட்பக்கத்துப் பின்சக்கரம் ஒன்று மட்டும் சுழலும். வெளிப்பக்கத்துச் சக்கரத்துக்கு அதிக விசை போகாததால், அதன் பிடிப்பு முழுவதும் வண்டியைப் பக்கவாட்டில் நழுவாமல் தாங்குவதற்கே பயன்படும். வீணாகச் சுழலும் அந்த ஒரு சக்கரம் உங்கள் பிழையைத் தானே ஏற்று உங்களைக் காப்பாற்றுகிறது. இரு சக்கரங்களும் கெட்டியாகப் பிணைக்கப்பட்டிருந்தாலோ, மிதித்த மிதியில் இரண்டும் ஒரே கணத்தில் பிடிப்பை இழக்கும். வண்டியின் வால் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பும். தேர்ந்த சாரதி எதிர்த்திருப்பம் கொடுத்து அதை மீட்பான்; அதற்கும் சாலையில் அகலம் வேண்டும். செட்டிபாளையத்தில் ஓரத்தில் புல்லும் மண்ணும் காத்திருக்கின்றன. நம் சாலையின் ஓரத்தில் என்ன காத்திருக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல.

இறக்கத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. மலைச்சாலையில் இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினின் தடையாலேயே இறங்க வேண்டும் என்பது நமக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அது நல்ல பாடம். ஆனால் டூ-வே மாட்டிய வண்டியில், காலை எடுத்தவுடன் எதிர்ச்சாய்வு வேலை செய்து சக்கரங்களை இறுக்கப் பிணைக்கிறது. வண்டியின் மூக்கு வளைவுக்குள் திரும்ப மறுக்கிறது. நேரே போகவே விரும்புகிறது. தளத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து பிரேக் போடும்போது வண்டி ஆடாமல் நிற்பதற்கு இந்தக் குணம் உதவும்; இலைச்சருகு நனைந்து கிடக்கும் பெரும்பாறைச் சாலை வளைவில் அதே குணம் பகையாகும். முன்சக்கர வண்டியில் பலமான பிளேட் வகையை மாட்டினால் ஸ்டியரிங்கே கையைப் பிடித்து இழுக்கும். சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டையும் பின்தொடர்ந்து ஓட விரும்பும். எதிரே பேருந்து வர, ஒற்றைக் கையால் கியர் மாற்றிக்கொண்டு ஓரம் கட்டும் வேளையில் அது இன்பமாக இராது. ஹெலிகல் வகையும் விசை இறங்கும்போது சிறிது பிணைக்கத்தான் செய்யும். எனினும் அது விசைக்குத் தக்கபடி மெல்ல வந்து மெல்லப் போவதால், சாரதிக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே தன் காரியத்தைச் செய்கிறது. முன்னறிவிப்பு என்ற இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

தளத்தைப் பற்றியும் சிறிது சொல்லாமல் விட மனம் வரவில்லை. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்றில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தளத்தைக் கண்டார்கள். கோயம்புத்தூர்க்காரரான கரிவர்தன், மாருதியின் சிறு எஞ்சினைக் கொண்டே ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை வகுத்து, பணம் படைத்தவர்களின் விளையாட்டாக இருந்ததை நடுத்தர வாலிபர்களும் எட்டிப் பிடிக்கும்படி செய்தார். 1995இல் விமான விபத்தில் அகால மரணமடைந்த அந்தப் பெருந்தகையின் பெயரையே செட்டிபாளையத் தளம் தாங்கியிருக்கிறது. அங்கு போகிறவர்கள் அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும்.

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தளம் வளைவுகள் நெருங்கியது. நேர்ப்பாதையின் வேகத்தைவிட வளைவிலிருந்து வெளியேறும் சாமர்த்தியத்துக்கே அங்கு மதிப்பு. ஆகவே டிஃபரன்ஷியலின் நன்மை அங்கே நன்றாகவே தெரியும் என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும், காரில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், கோ-கார்ட் ஒன்றில் உட்கார்ந்து நன்றாக ஓட்டிப் பழகுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கார்ட்டுக்கு டிஃபரன்ஷியலே கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டவை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதன் உட்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு மயிரிழை எழும்பினால்தான் அது திரும்பும். எழுப்பத் தெரியாதவனுக்கு அது நேரே போகும். சக்கரங்கள் முற்றும் பிணைக்கப்பட்டால் வண்டியின் சுபாவம் எப்படி மாறுகிறது என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாகவும் அபாயமின்றியும் கற்பிக்கும் ஆசான் வேறில்லை. அதில் தேர்ந்தபின், வார நாள்களில் ஓட்டாத, தளத்துக்கென்றே தனியாக ஒரு வண்டியை வைத்துக்கொள்ளும் பாக்கியம் உங்களில் யாருக்கேனும் வாய்க்குமானால், அவர் தாராளமாகப் பிளேட் வகையை மாட்டிக்கொள்ளட்டும். அப்போது என் ஆட்சேபங்கள் யாவும் நீங்கிவிடுகின்றன.

மற்றவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். மொட்டையாகிவிட்ட டயருக்கு எந்த டிஃபரன்ஷியலும் பிடிப்பைப் பிறப்பித்துத் தர முடியாது. இருக்கிற பிடிப்பைப் பங்கிடுவதே அதன் தொழில். அதன்பின் ஷாக் அப்ஸார்பர், வீல் அலைன்மென்ட், பிரேக் பேட் ஆகியவற்றைச் சீர் செய்து, அப்படியும் உட்சக்கரம் சுழல்வது தீரவில்லையென்றால் டிஃபரன்ஷியலைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும்போது விளம்பரத்தை நம்பாதீர்கள். முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே குடியிருப்பதால், கிரௌன் வீலின் போல்ட்டுத் துளைகள், பேரிங்கின் அளவு, ஆக்சில் நுனியிலுள்ள பற்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் உங்கள் கியர்பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும் என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். அதே பெயருடைய வண்டி வெளிநாட்டில் விற்கப்படுகிறது என்பதால் உள்ளுறுப்புகளும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது. பின் ஆக்சில் வண்டியானால், பூட்டுகிற மெக்கானிக் கிரௌன் பினியன் பேக்லாஷை டயல் வைத்து அளக்கிறாரா, பற்களில் வர்ணம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கிறாரா என்பதை அருகில் நின்று கவனியுங்கள். கையால் ஆட்டிப் பார்த்தே சரி என்று சொல்பவரிடம் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. சான்றிதழில் டிஃபரன்ஷியலைப் பற்றிய குறிப்பு இல்லையே என்று வாதாடுவதைவிட, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது மேல். தனியார் கார் பாலிசியில் பந்தயமும் வேகப் பரீட்சையும் விலக்கப்பட்டவை என்பதையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தளத்தில் வண்டி கெட்டால் அந்தச் செலவு முழுவதும் உங்களுடையதே.

ஜீப்பும் தாரும் வைத்திருப்பவர்களுக்குச் சொல்வதாகக் கூறிய எச்சரிக்கை இதுதான்: சேற்றில் சிக்கிய வண்டியின் ஆக்ஸிலரேட்டரைப் படீரென்று அமுக்கி, சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டு விழும்படி செய்யாதீர்கள். மூட்டையும் ஆள்களும் ஏறிய வண்டியில் அந்த ஒரு அதிர்ச்சிக்கே ஆக்சில் ஷாஃப்ட் முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். மெல்ல, நிதானமாக, பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை மட்டும் விசையைக் கொடுங்கள்; கேட்டபின் அதே அளவில் வைத்துக்கொண்டே வெளியேறுங்கள். பின்னால் நின்று தள்ளுகிறவர்களை முன்கூட்டியே விலகி நிற்கச் சொல்லுங்கள். பூட்டு விழுந்த வண்டி எந்தப் பக்கம் பாயும் என்பதை உள்ளே உட்கார்ந்திருப்பவராலும் சொல்ல இயலாது.

புதிதாக ஹெலிகல் பூட்டியவர்கள் முதல் 500 கிலோமீட்டருக்கு வண்டியைத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தூரம் ஓடியபின் ஆயிலை வடித்து, வடிகால் திருகில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோன்ற பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை, பற்கள் ஒன்றோடொன்று படிந்து வருகின்றன என்று பொருள். விரலில் நெருடும் துணுக்கு ஒன்று அகப்பட்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் க்ஷேமத்தை விரும்பும்,
பழைய மெக்கானிக் ஒருவன்